தோலோமுஷின் காதும் நீலத் தேன்பெட்டியும்

தோலோமுஷுக்கு ஊரில் இருந்த பேரில் முக்கால்வாசி அவர் காது சம்பாதித்தது. முப்பத்தொரு வருஷம் கூட்டுப்பண்ணையில் சங்கிலிச் சக்கர டிராக்டர் ஓட்டியவர். அடுத்தவன் வண்டி மலைச்சரிவில் ஏறிக்கொண்டிருக்கும்போதே, "மூணாவது சிலிண்டர் இருமுது, எறக்கிப் பாரு" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவதாகத்தான் இருக்கும். பண்ணையைக் கலைத்து, டிராக்டரைப் பழைய இரும்புக்குப் போட்ட பிறகு தேனீ வளர்க்க ஆரம்பித்தார். காதும் அவரோடு சேர்ந்து தொழில் மாறிக்கொண்டது.

குளிர்காலத்தில் தேன்பெட்டியைச் சும்மா திறந்து பார்க்க முடியாது. உள்ளே பந்தாகத் திரண்டு ஒன்றையொன்று சூடாக்கிக்கொண்டிருக்கும் தேனீக்கள் விறைத்துவிடும். நவம்பரில் பெட்டிகளைப் பாதி மண்ணுக்குள் இருக்கும் நிலவறையில் இறக்கிவிட்டால், மார்ச் வரை காதால்தான் பார்க்கவேண்டும். பெட்டியின் வாசல் துளையில் ரப்பர் குழாயின் ஒரு முனை, காதில் மறுமுனை, பலகையில் விரலால் ஒரு தட்டு. "உம்" என்று எழும்பி உடனே அடங்கினால் நலம். அழுவதுபோல இழுத்துக்கொண்டே போனால் ராணி இல்லை. ஒன்றுமே கேட்காவிட்டால் பெட்டியை விறகுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஜனவரிக் குளிரில் ஊரே தோலோமுஷை அழைக்கும். "அண்ணே, வந்து ஒரு தடவை கேட்டுச் சொல்லிட்டுப் போங்க." அவர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு போவார். கண்ணை மூடுவார், தட்டுவார், தலையாட்டுவார், "பொழச்சுக்கும்" என்பார். வீட்டுக்காரர்கள் ஆட்டுக்கறி அவித்து, உப்புப் போட்ட பால் தேநீர் ஊற்றி உபசரிப்பார்கள். அவர் சொன்னது தப்பியதே இல்லை என்று ஊரில் பேச்சு.

விஷயம் என்னவென்றால், கடந்த மூன்று வருஷமாக அவருக்குக் குழாயில் எதுவுமே கேட்டதில்லை. டிராக்டர் அவர் காதுக்குப் பேரைக் கொடுத்துவிட்டு, கைம்மாறாகக் காதையே எடுத்துக்கொண்டு போயிருந்தது. பக்கத்தில் நின்று உரக்கப் பேசினால் புரியும். பொண்டாட்டி புருல்சா கத்தினால் புரியும். தேனீயெல்லாம் அவரைப் பொறுத்தவரை ஊமைப் பிராணி.

இது அவருக்கே முதலில் தெரிந்தது பக்கத்து வீட்டு ஜூமாஷின் நிலவறையில்தான். குழாயை வைத்தார், தட்டினார், சத்தமே இல்லை. முகத்தைத் துக்கத்துக்குத் தயார் செய்துகொண்டு நிமிர்ந்தால், ஜூமாஷ் வாயெல்லாம் பல்லாக நிற்கிறான். "குழாய் இல்லாமலே எனக்குக் கேக்குதுண்ணே! எப்படிச் சத்தம் போடுது பாருங்க!" தோலோமுஷ் ஒரு நொடியில் சுதாரித்தார். "ம். போடுது. லேசா ஜலதோஷம் இருக்கும்போல. பரவாயில்ல" என்றார். தேனீக்கு ஜலதோஷம் என்பதையும் ஜூமாஷ் நம்பி, பெட்டியைச் சுற்றி இன்னொரு கம்பளியைப் போர்த்தினான்.

அன்றிலிருந்து அவர் பெட்டியைக் கேட்பதை விட்டுவிட்டுப் பெட்டிக்காரன் முகத்தைக் கேட்க ஆரம்பித்தார். மூடிய கண்ணில் ஓர் இடுக்கு வைத்திருப்பார். பெட்டிக்காரன் முகம் தெளிந்திருந்தால் "பொழச்சுக்கும்". தொங்கியிருந்தால் "ராணி சரியில்ல, வசந்தம் வரட்டும், பார்ப்போம்". இப்படி மூன்று குளிர்காலக் கறி சாப்பிட்டாயிற்று. தனியாக இருக்கும்போது தன்னை நினைத்து அவருக்கே சிரிப்பு வரும். 'அடே தோலோமுஷ், குருடன் வழிகாட்டி வேலை பார்த்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன், அவனுக்குக்கூட நீ பார்க்கிற அளவு வரும்படி இருக்காது' என்று சொல்லிக்கொள்வார்.

இந்த வருஷம் வம்பு சொந்த நிலவறைக்குள்ளேயே வந்தது.

அவரிடம் பதினொரு பெட்டிகள். பத்து அவருடையவை. பதினோராவது, நீலச் சாயம் அடித்தது, சம்பந்தி சாதிர்குல் கொடுத்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் மகன் எர்மெக்குக்கு அவர் மகள் பெகாயிமைக் கட்டிவைத்தபோது, மெத்தை கம்பளச் சீரோடு தேனீயும் வண்டியில் வந்து இறங்கியது. சாதிர்குல் பரம்பரைத் தேன்காரர். "என் பொண்ணையும் என் தேனீயையும் ஒண்ணா உங்ககிட்ட ஒப்படைக்கறேன்" என்று நூறு பேர் முன்னால் சொன்னார். தோலோமுஷும் நெஞ்சில் கைவைத்து, "ரெண்டும் வாடாது" என்று சொல்லித் தொலைத்தார். ஒவ்வொரு மார்ச்சிலும் நவ்ரூஸ் புத்தாண்டுக்குச் சம்பந்தி வருவார், பெட்டிகளை வெளியே தூக்க ஒரு கை கொடுப்பார், நீலப் பெட்டியைப் பார்த்த பிறகுதான் தேநீரில் வாய் வைப்பார்.

பிப்ரவரிக் கடைசியில் ஒருநாள் நீலப் பெட்டியின் வாசலில் செத்த தேனீக்கள் ஒரு கைப்பிடிக்கு மேல் கிடந்தன. மூடியின் கீழே இருக்கும் கம்பளி மெத்தைக்கு அடியில் நடுவாகக் கைவிட்டுப் பார்த்தார். உயிர் இருந்தால் அங்கே வெதுவெதுப்பாக இருக்கவேண்டும். கல்லுமாதிரி ஜில்லென்றிருந்தது. நவ்ரூஸுக்கு இருபத்துநாலு நாள் இருந்தது.

குழாயை வைத்தார். ஒன்றுமில்லை. பழைய டிராக்டர்காரன் வித்தை ஒன்று உண்டு: இரும்புக் கம்பியின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை இயந்திரத்தில் வைத்தால் எலும்பு வழியாகவாவது கேட்கும். அதையும் செய்தார். கேட்டது அவருடைய பொய்ப்பல் செட் ஆடும் சத்தம் மட்டும்தான். கோபத்தில் பெட்டியை முஷ்டியால் ஓங்கித் தட்டினார். குளிரில் தூங்குகிற தேனீயைத் தட்டி எழுப்பினால் அது பயந்து இருக்கிற தேனையும் தின்று தீர்த்துச் சாகும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர் அவர். அன்று மட்டும் நாலு தடவை தட்டினார்.

பெட்டிக்காரன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றால், இங்கே பெட்டிக்காரன் அவரேதான். அந்த முகத்தில் என்ன தெரியும்? திருட்டுமுழிதான் தெரியும்.

மறுநாள் ஒரு யோசனை வந்தது. ஜூமாஷைக் கூப்பிட்டார். "டேய், எத்தனை நாளைக்கு என்னையே நம்பியிருப்ப? வா, காது வைக்கக் கத்துத் தரேன்."

ஜூமாஷுக்கு வாழ்க்கையில் அவ்வளவு பெருமை வந்ததில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு நீலப் பெட்டி முன்னால் மண்டிபோட்டான். தோலோமுஷ் தட்டினார். தட்டிவிட்டு ஜூமாஷ் முகத்தையே பார்த்தார். ஜூமாஷ் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு தோலோமுஷ் முகத்தையே பார்த்தான்.

"என்னடா கேக்குது?"

"நீங்க சொல்லுங்கண்ணே."

"நான் என்னத்தச் சொல்றது, குழாய் உன் காதுல இருக்கு."

"ஏதோ மாதிரி இருக்கு. இல்லாத மாதிரியும் இருக்கு." ஜூமாஷ் பயந்துபோய்க் குழாயை நீட்டினான். "நீங்க கேட்டா சரியாச் சொல்லிடுவீங்க. எனக்கெதுக்குண்ணே பெரிய மனுஷன் வேலை?"

பிறகு தோலோமுஷ், "பாடம் இன்னைக்கு இவ்வளவு போதும்" என்று எழுந்துவிட்டார்.

ஜூமாஷ் போன பின்னும் அவர் நிலவறையை விட்டு வெளியே வரவில்லை. சாதிர்குல் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் மனசைக் குடைந்தது. தேனீ போனதைக்கூடக் குளிர்மேல் பழிபோட்டுவிடலாம். ஆனால் மகளையும் தேனீயையும் ஒன்றாக ஒப்படைத்தவர், ஒன்று செத்துக் கிடந்தால் மற்றதைப் பற்றி என்ன நினைப்பார்?

மற்றதைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் கிடையாது. மருமகளைப் பற்றிப் பேச்சு வந்தால் தோலோமுஷ் மீசையைத் தடவிக்கொள்வார். எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனாரிடம் தலைகுனிந்து, தாழ்ந்த குரலில்தான் பேசவேண்டும். எதிரே வந்தால் குனிந்து வணக்கம் சொல்வாள், பெரியவர் பதிலுக்கு ஆசீர்வதிப்பார். இந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள்? ஆனால் பெகாயிம் பார்த்தாள். "நாலு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம், அவ குரலை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல" என்று கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் சொல்லுவார். கேட்டவர்கள் குனிந்து தேநீர்க் கிண்ணத்துக்குள் சிரிப்பார்கள். பெகாயிம் மாட்டைக் கூப்பிட்டால் ஆற்றுக்கு அக்கரையில் மேய்கிற அடுத்த ஊர் மாடும் தலைதூக்கும். அந்தக் குரல் அது. வயசான மனுஷரிடம் அதை யார் எடுத்துச் சொல்வது? புருல்சா சொன்னாள்தான். மெதுவாகச் சொன்னாளோ என்னவோ.

சாப்பாடு ஆறுகிறது என்று மாமனாரைக் கூப்பிடப் பெகாயிம் நிலவறைப் படியில் இறங்கி வந்தாள். கிழவர் ரப்பர் குழாயும் கையுமாக, நீலப் பெட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். அவள் பார்வை வாசலில் கிடந்த செத்த தேனீக்கள்மேல் போனது. அவளும் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

தேன்காரர் மகள். அவள் அப்பன் தந்த பெட்டி. மறைக்கவும் இனி வழியில்லை. தோலோமுஷ் குழாயை அவள் பக்கம் நீட்டினார்.

அவள் தட்டவில்லை. முக்காட்டை ஒதுக்கி, குழாயை வைத்துக்கொண்டு வெகுநேரம் அசையாமல் இருந்தாள். தோலோமுஷ் பழக்கதோஷத்தில் அவள் முகத்தைப் பார்த்தார். அது மெல்லக் கோணியது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. சரி, போயேபோச்சு என்று நினைத்தார்.

அவள் தலைகுனிந்து என்னவோ சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது. நாலு வருஷப் பழக்கத்தில் அவர் வாயிலிருந்து தானாகவே வந்தது: "நல்லா இரு மகளே, நூறு வருஷம் வாழு."

பெகாயிம் நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி சொன்னாள். அவர் மறுபடி, "கடவுள் உனக்குக் குறை வைக்கமாட்டார்" என்றார்.

அப்போதுதான் அது வெடித்தது.

"உயிர் இருக்கு அத்தா! சாகல! பசி! காஞ்ச எலை சலசலக்கற மாதிரி கேக்குது, அப்படிக் கேட்டா பசியில கெடக்குதுன்னு அர்த்தம்! நான் இலையுதிர் காலத்துலயே சொன்னேன் உங்ககிட்ட! நீலப் பெட்டி கனமே இல்ல, உள்ள எறக்கறதுக்கு முன்னால சக்கரைப்பாகு வைக்கணும்னு மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் 'நல்லா இரு மகளே'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போயிட்டீங்க!"

நிலவறையின் கூரையிலிருந்து மண் உதிர்ந்தது. பத்துப் பெட்டியும் ஒன்றாக உறுமியிருக்கும்; அது தோலோமுஷுக்குக் கேட்கவில்லை. ஆனால் இந்தக் குரல் கேட்டது. ஒரு எழுத்து விடாமல் கேட்டது. இவ்வளவு பெரிய குரல் தன் வீட்டில் இருந்தது என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமனாரிடம் கத்திவிட்ட பயம் கண்ணில் தெரிந்தது.

"கையை எடு" என்றார் அவர். "இதே சத்தத்துல சொல்லு. வேற என்னெல்லாம் எங்கிட்டச் சொல்லியிருக்க?"

அவள் கையை எடுத்தாள். பிறகு, அதே சத்தத்தில் இல்லாவிட்டாலும் அதில் பாதியில், சொன்னாள். முதல் வருஷமே நீலப் பெட்டியைத் தானே பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது. இரண்டாம் வருஷம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பத்துநாள் போய்வரட்டுமா என்று கேட்டது. "நீங்க ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போயிட்டீங்க. சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. உங்க மகன்கிட்டச் சொன்னேன், அவர் லாரியில மலைக்கணவாய்க்கும் ஊருக்குமா ஓடிட்டிருந்தாரு, 'அத்தா சொன்னா போ'ன்னுட்டாரு. நான் போகல." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்கு என்னைப் பிடிக்கலன்னு நெனச்சேன்."

தோலோமுஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செவிடன் காதில் சங்கு ஊதினார்கள் என்றால் அது அவன் குற்றமில்லை. ஆனால் அந்தச் செவிடன் ஊதியவளுக்கு நல்ல அடக்கம் என்று ஊரெல்லாம் புகழ்ந்துகொண்டு திரிந்தால் அவனை எதால் அடிப்பது? வெட்கத்தில் அவருக்குக் காது மடல் சுட்டது. கேட்கத்தான் வழியில்லை, சுடவாவது செய்கிறதே என்று நினைத்துக்கொண்டார்.

"எனக்குக் காது கேக்காது மகளே" என்றார். வாய்விட்டு அதை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

"தெரியும் அத்தா. போன மாசம் கதவு படார்னு சாத்தினதுகூட உங்களுக்குக் கேக்கல. அதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது. எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

அன்று மத்தியானமே இருவரும் சர்க்கரையை மாவாகத் திரித்து, தேன் விட்டு, ரொட்டிக்குப் பிசைவதுபோலக் கெட்டியாகப் பிசைந்தார்கள். விளக்கில், தேனீக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியாமலிருக்கச் சிவப்புத் துணியைச் சுற்றி எடுத்துப்போய்ப் பெகாயிம் மூடியைத் தூக்கினாள். தேனீக்கள் நடுவில் இல்லை. கடைசித் தேன் மிச்சமிருந்த ஒரு மூலைக்கு நகர்ந்து, இரண்டு உள்ளங்கை அளவுக்கு அங்கே ஒண்டிக்கொண்டிருந்தன. நடுவில் கைவிட்டுப் பார்த்துவிட்டுச் செத்தது என்று நினைத்த மேதை பக்கத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் சர்க்கரை அடையை அந்த மூலையின் மேல் வைத்து மூடினாள். பிறகு வாரத்துக்கொருமுறை அவள் கேட்டு, அவருக்குக் கத்திச் சொன்னாள். அவர் பெட்டியைத் தொடக்கூடாது என்று உத்தரவு. கீழ்ப்படிந்தார்.

நவ்ரூஸ் அன்று வெயில் நன்றாகவே அடித்தது. சாதிர்குல் வந்து இறங்கினார். ஜூமாஷும் சேர்ந்து பெட்டிகளை வெளியே தூக்கி வைத்தார்கள். பத்துப் பெட்டிகளிலிருந்தும் தேனீக்கள் புகையாகக் கிளம்பின. நீலப் பெட்டியிலிருந்து பத்துப் பதினைந்து வந்து, வாசல் பலகையில் நின்று யோசித்துவிட்டுப் பறந்தன. சாதிர்குல் பெட்டியின் பின்பக்கத்தைக் கையால் தூக்கிக் கனம் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

விருந்தில்தான் அதைப் பற்றிப் பேசினார். அவித்த ஆட்டுத்தலையை முறைப்படி அவர் முன்னால்தான் வைத்தார்கள். கத்தியை எடுத்தவர், தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார்.

"என் பொட்டி பட்டினி கெடந்திருக்கு. உனக்குக் கண்ணு எங்க போச்சு? வீட்டுப் பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

பெகாயிம் தலைகுனிந்து, "மறந்துட்டேன்பா" என்றாள்.

தோலோமுஷுக்கு அது கேட்கவில்லை. ஆனால் மூன்று வாரமாக அந்த உதட்டைப் பார்த்துப் பழகியிருந்தார். முகம் பார்ப்பதோ ஏற்கனவே அவர் தொழில். சாதிர்குலின் புருவம் நெரிந்ததைப் பார்த்தார். சம்பந்தி ஆட்டின் காதை அறுத்து மகளிடம் நீட்டினார். சொல்பேச்சுக் கேட்கட்டும் என்று இளசுகளுக்கு ஆட்டுக்காது கொடுப்பது எங்கள் வழக்கம், விளையாட்டாகத்தான் கொடுப்பார்கள். சாதிர்குல் விளையாடவில்லை.

சும்மா இருந்தால் போதும். அவள் அந்தக் காதைத் தின்றுவிடுவாள், அப்பன் மகள் கோபம் நாலு நாளில் ஆறிவிடும், தோலோமுஷின் பேர் ஜூமாஷ் முன்னால் கலையாமல் நிற்கும், அடுத்த குளிர்காலத்துக் கறிக்கும் குறைவிருக்காது. இதையெல்லாம் அவர் யோசித்தார். யோசிக்கவில்லை என்று பின்னால் ஒருபோதும் அவர் பொய் சொன்னதில்லை. யோசித்துவிட்டுத்தான் கையை நீட்டினார்.

"அதை இங்க குடுங்க சம்பந்தி. அது எனக்கு வரவேண்டியது."

சாதிர்குல் புரியாமல் பார்த்தார்.

"அவ மூணு தடவை சொன்னா. எனக்குத்தான் கேக்கல. எனக்குக் காது போய் மூணு வருஷமாச்சு, அதுக்கு முன்னாலயும் அரைக்காதுதான். உங்க பொட்டியப் பட்டினி போட்டது நான். காப்பாத்தினது அவ."

முதலில் வாய்திறந்தது ஜூமாஷ்தான். "அப்போ எம் பொட்டிங்களை..."

"உன் மூஞ்சியப் பார்த்துச் சொன்னேன்டா."

"ஜலதோஷம்னு சொன்னீங்களே."

"அது எனக்கு."

புருல்சா முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். சாதிர்குல் சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தி, தோலோமுஷுக்குக் கேட்கும்படி சொன்னார்:

"நாலு வருஷமா நீங்க எங்க பார்த்தாலும், எம் பொண்ணு குரலைக் கேட்டதே இல்லன்னு புகழ்ந்துட்டிருந்தீங்க. எங்க வீட்டுல அவ வாய் மூடி நான் பார்த்ததில்ல. நீங்க அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவ அம்மா ராத்திரியெல்லாம் அழுவா. பொண்ணை அங்க நசுக்கிட்டாங்கன்னு."

தோலோமுஷ் நெஞ்சில் கைவைத்தார். இந்தத் தடவை வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. "அவ நாளைக்கே உங்க வண்டியில அம்மாவைப் பார்க்க வரட்டும்" என்றார். "பத்துநாள் இருக்கட்டும். ரெண்டு வருஷம் முன்னால கேட்டதுக்கு இப்பத்தான் பதில் சொல்றேன்."

சாதிர்குல் கத்தியை மறுபடி எடுத்தார். ஆட்டின் இன்னொரு காதையும் அறுத்து, இரண்டையும் சேர்த்துச் சம்பந்தியின் தட்டில் வைத்தார்.

ஆட்டுக்காது லேசில் மெல்லக்கூடியதல்ல, அதுவும் பொய்ப்பல்லால். அவர் மென்றுகொண்டே இருந்தார். பெகாயிம் எழுந்து தேநீர்க் கெண்டியோடு அவர் பக்கம் வந்தாள். குனியவில்லை.

"தேநீர் ஊத்தட்டுமா அத்தா?"

வெளியே கட்டியிருந்த சாதிர்குலின் குதிரை திடுக்கிட்டுக் கனைத்தது.

"கேட்டுச்சு மகளே" என்றார் தோலோமுஷ். "ஊத்து."